திங்கட்கிழமைக்கு ஒரு பேஸ்போல் அணி

2008ஆம் ஆண்டு மாத்தளையில் மாசித் தேர் முடிந்து, தெருவில் கட்டியிருந்த மின்விளக்குகளைக் கழற்றிக்கொண்டிருந்த வாரத்தில் என் மனைவியின் தம்பி வவுனியாவிலிருந்து வந்து சேர்ந்தான். கையில் ஒரு பயணப்பை. சட்டைப்பையில் வவுனியா முகவரி போட்ட அடையாள அட்டை. பையை அன்றே அலமாரிக்குள் வைத்துவிட்டோம். அட்டையை எங்கே வைப்பது என்பதுதான் தெரியவில்லை. வடக்கில் யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம்; வடக்கு அட்டை கையில் இருந்தாலும் பயம், இல்லாவிட்டாலும் பயம்.

மனைவியின் குடும்பம் எழுபத்தேழு இனக் கலவரத்துக்குப் பிறகு தேயிலைத் தோட்டத்தை விட்டுப் போய் வவுனியாப் பக்கம் காடு வெட்டிக் குடியேறியது. தம்பி அங்கேதான் பிறந்தான். பேச்சு எங்கள் ஊர்ப் பேச்சு, அட்டை மட்டும் அந்த ஊர். கத்தாரில் ஒரு வேலைக்குக் கண்டியிலுள்ள முகவர் ஒருவர் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். விசா வரும்வரை எங்கள் வீட்டில் இருப்பதாகத் திட்டம். வந்த மறுநாளே வீட்டுச் சொந்தக்காரரையும் கூட்டிக்கொண்டு பொலிஸுக்குப் போய்ப் பதிந்து, பதிந்ததற்கான துண்டுச் சீட்டும் வாங்கி வந்தேன். நான் கணக்கெழுதிய வாசனைச் சரக்குக் கடைக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் வேலை செய்த ஒருவரையும் அப்படிப்பட்ட துண்டு கையில் இருந்தும்தான் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். பல வாரம் கழித்துத் திரும்பி வந்தவர், அதன்பிறகு யாரோடும் பேசவில்லை.

ஆகவே என் மனைவி இரண்டு சட்டங்கள் போட்டாள். ஒன்று, தம்பி கேற்றைத் தாண்டக் கூடாது. இரண்டு, யாராவது கேட்டால் அவன் வீட்டிலிருந்து கொம்பியூட்டர் கோர்ஸ் படிக்கிறான் என்றே எல்லோரும் சொல்ல வேண்டும்.

கணினி என்னுடையது. ஊரில் நடந்தவற்றை, மழை வெள்ளம் முதல் கடையடைப்பு வரை, நாள் கிழமையோடு எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அதைத் தட்டச்சு செய்வதற்காக வாங்கிய பழைய பெட்டி. தம்பி இரண்டு நாள் அதைப் பார்த்துவிட்டு, ஒரு கிரிக்கெட் கேம் கிடைக்குமா என்று கேட்டான். கடைத்தெருவில் சீடி விற்கும் ஒரு முஸ்லிம் நானாவிடம் வாங்கினேன். உறையில் கிரிக்கெட் மட்டை போட்டிருந்தது. வீட்டுக்கு வந்து போட்டால் அது அமெரிக்கர்கள் ஆடும் பேஸ்போல். மாற்றிக் கேட்கப் போனபோது நானா சீடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கிரிக்கெட் எல்லாம் முடிஞ்சி சேர். இதுவும் மட்டையும் பந்தும்தானே. ஆடிப் பாருங்க, பழகிரும்."

பழக நாளாயிற்று. முதலில், அதில் பந்தே இல்லை. ஓடுகிற ஆளும் இல்லை, மைதானமும் இல்லை. திரை முழுக்க அட்டவணைகள், பெயர்கள், எண்கள். நாம் ஆடுபவர் அல்ல, அணியை நடத்தும் முகாமையாளர். யாரை இறக்குவது, யாரை உட்கார வைப்பது, யாருக்கு எவ்வளவு சம்பளம், அடுத்த வருடத்துக்கு எந்தப் பையனை வளர்ப்பது எல்லாம் நாம்தான் தீர்மானிக்க வேண்டும். தீர்மானித்துவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு நாள் போகும், ஓர் ஆட்டம் முடிந்திருக்கும். அமெரிக்க நாவல்களை நூலகத்தில் தேடித் தேடிப் படித்தவன் என்பதால் இந்த ஆட்டம் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். நாவல்களில் ஆட்கள் பேஸ்போல் பார்க்கப் போகிறார்கள், திரும்பி வந்து அழுகிறார்கள். ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் இல்லை.

தொடங்குவதற்கு முன் அந்த ஆட்டம் முகாமையாளரின் விவரம் கேட்டது.

"பொறந்த ஊர் கேக்குது மச்சான்," என்றான் தம்பி.

"போடு."

அவன் விரல் எழுத்துகளின்மேல் நின்றது. குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அவன் அக்காவின் குரல் வந்தது.

"மாத்தளைன்னு போடு."

"கேம்லகூடவாக்கா?"

"கேம்லயுந்தான்."

மாத்தளை என்று போட்டான்.

எங்கள் தவறுகள் எல்லாம் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களின் தவறுகள். அணியின் மிகச் சிறந்த பந்தெறிபவனை ஒவ்வொரு நாளும் இறக்கினோம். நல்ல பந்துவீச்சாளன் எல்லா மேட்சிலும் ஆடுவதுதானே வழக்கம். இரண்டு வாரத்துக்குள் அவன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புச் சிலுவை விழுந்தது. தோள்பட்டை போய்விட்டது, அந்த வருடம் முழுக்க வரமாட்டான். அதன்பிறகே உதவிக் கோப்பைத் திறந்து படித்தோம். ஒரு நாள் எறிந்தவனுக்கு நாலு நாள் ஓய்வு வேண்டுமாம். முறை வைத்து ஐந்து பேரைச் சுற்றி விட வேண்டுமாம்.

அதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. அணி தோற்றுக்கொண்டே இருந்ததால், வெல்லாவிட்டாலும் பரவாயில்லை, சமநிலையில் முடிப்போம் என்று முடிவு செய்தோம். அவசரப்படாத, ஆட்டமிழக்காத, பொறுமையான துடுப்பாட்டக்காரர்களாகப் பார்த்து இறக்கினான் தம்பி. கிரிக்கெட்டில் ஐந்து நாள் கட்டை போட்டே தப்பித்துவிடலாம். இங்கே ஒன்பது சுற்று முடிந்தும் சமமாக இருந்தால் பத்தாவது, பதினோராவது என்று போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் நாங்கள்தான் தோற்றோம்.

"இதுல டிரோவே இல்ல மச்சான்," என்றான். உதவிக் கோப்பை மறுபடியும் தேடிவிட்டு, "மழை பேஞ்சாக்கூட நாளைக்கு வந்து ஆடணுமாம்."

"சேமிக்காம மூடிட்டு மறுபடி திற. தோத்தது அழிஞ்சிரும்," என்றேன். அந்தத் தந்திரத்தை நானே கண்டுபிடித்திருந்தேன்.

"தோத்தது தோத்ததுதான மச்சான். அழிச்சிட்டு ஆடினா எனக்கே தெரியுமே."

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. பிடிவாதக்காரன் என்று நினைத்துக்கொண்டேன்.

சித்திரை வந்தது. வெயில் திரையில் அடித்ததால் முன்னறை ஜன்னலைச் சாத்தி வைத்தே ஆடினான். வெளியே வராத வடக்குப் பையன், சாத்திய ஜன்னல், நாள் முழுக்கப் பொத்தான் தட்டும் சத்தம். தெருவில் யாருக்கு எப்படிப் பட்டதோ தெரியவில்லை. சித்திரை வருடப்பிறப்பு கழிந்த ஒரு புதன்கிழமை பின்னேரம், கடைக்கு மனைவியின் தொலைபேசி வந்தது.

"தம்பிய ஜீப்ல ஏத்திட்டுப் போயிட்டாங்க. ஒங்களையும் வரச் சொன்னாங்க."

"ஏதாவது எடுத்தாங்களா?"

"ஒண்ணும் எடுக்கல. அட்டையும் துண்டும் மட்டும் வாங்கினாங்க."

"கொம்பியூட்டர் ஓடிக்கிட்டிருந்ததா? பார்த்தாங்களா?"

"எனக்கு எப்பிடிங்க தெரியும்? நான் பின்னால துணி காயப்போட்டுக்கிட்டிருந்தேன். ஓடி வந்தப்போ எல்லாரும் முன்னறையை விட்டு வெளிய வந்துட்டாங்க."

பொலிஸ் நிலையத்தில் அவனைக் கண்ணில் காட்டவில்லை. ஓர் அறையில் என்னை உட்கார வைத்தார்கள். நடுத்தர வயதுள்ள ஒரு சார்ஜன் வந்து எதிரே உட்கார்ந்தார். எல்லாப் பேச்சும் சிங்களத்தில்தான். என் வேலை, எத்தனை வருடமாக இந்த ஊரில், மனைவியின் குடும்பம் எப்போது வவுனியா போனது என்று நிதானமாகக் கேட்டார். அதுவரை எனக்கு வாய் குளறவில்லை. பிறகு கேட்டார்:

"நாள் முழுக்க அந்த அறையில என்ன செய்றான்?"

பக்கத்து அறையில் இதே கேள்வியை அவனிடம் கேட்டிருப்பார்கள் என்று எனக்குப் புரிந்தது. இரண்டு பதிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவன் அன்றைக்கு வீடு வரமாட்டான். கோர்ஸ் படிக்கிறான் என்பது வீட்டில் பேசி வைத்த பதில். மரியாதையான பதிலும்கூட. ஆனால் எந்த இடத்தில் கோர்ஸ், யார் மாஸ்டர் என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு நாங்கள் ஒன்றும் பேசி வைக்கவில்லை. உண்மையைச் சொன்னாலோ அதுதான் கேட்பவருக்குப் பொய்யாகத் தெரியும். யுத்தம் நடக்கிற நாட்டில், வவுனியா அட்டை வைத்திருக்கிற இருபத்துநாலு வயதுப் பையன் ஜன்னலைச் சாத்திக்கொண்டு அமெரிக்காவில் இல்லாத ஓர் அணியை நடத்துகிறான் என்றால் யார் நம்புவார்?

தம்பி என்ன சொல்லியிருப்பான்? அக்காவுக்குப் பயந்தவன், அக்கா சொன்னதைத்தான் சொல்லியிருப்பான். அப்படித்தான் முதலில் தோன்றியது. பிறகு, தோற்ற ஆட்டத்தை அழிக்கமாட்டேன் என்று என்னிடம் நின்றானே, அந்த முகம் நினைவுக்கு வந்தது. யாருக்கும் தெரியப்போவதில்லை என்ற இடத்திலேயே மாற்றிப் போடாதவன் அவன்.

"கேம் ஆடுறான் சேர்," என்றேன். "பேஸ்போல். கொம்பியூட்டர்ல ஒரு டீம் வெச்சிருக்கான்."

சார்ஜன் என்னையே பார்த்தார். ஒன்றும் எழுதவில்லை. எழுந்து பக்கத்து அறைக்குப் போனார். சுவரில் ஒரு பல்லி நகராமல் இருந்தது. நானும் நகரவில்லை. அவர் திரும்பி வந்தபோது முகத்திலிருந்து ஒன்றையும் படிக்க முடியவில்லை.

"அவனும் அதையேதான் சொல்றான்," என்றார். "ரெண்டு பேரும் பேசி வெச்சுப் பொய் சொல்றதுன்னா, கொஞ்சமாவது நம்புற மாதிரி சொல்லியிருப்பீங்க." பிறகு, "அது என்ன, எல்லே மாதிரியா?"

வருடப்பிறப்புக்கு ஊர் மைதானங்களில் சிங்கள இளைஞர்கள் மூங்கில் கம்பால் பந்தை அடித்துச் சுற்றி ஓடும் ஆட்டம் எல்லே. ஆமாம் சேர், அது மாதிரிதான் என்றேன். பிறகு யோசித்தால் அது நிஜமாகவே அது மாதிரிதான் இருந்தது. எங்களுக்கு கிரிக்கெட்தான் கண்ணை மறைத்திருந்தது.

பொழுது சாயும் முன் அவனை என்னோடு அனுப்பிவிட்டார்கள். ஊரில் இருக்கும்வரை திங்கட்கிழமைதோறும் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. வீட்டில் மனைவி முதலில் செய்த காரியம், முன்னறை ஜன்னலை அகலத் திறந்து, திரை தெருவுக்குத் தெரிகிற மாதிரி மேசையைத் திருப்பிப் போட்டதுதான்.

முதல் திங்கட்கிழமை கையெழுத்துப் போடும்போது சார்ஜன் கேட்டார்: "டீம் எப்படி?"

"நாலு தோல்வி, ரெண்டு வெற்றி சேர்," என்றான் தம்பி, தெரிந்த சிங்களத்தில். சார்ஜன் பக்கத்து மேசைக்காரரிடம் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்து வைத்தோம்.

அடுத்த வாரம் தம்பி கணினியைத் தொடவே இல்லை. மனசே வரவில்லை என்றான். அந்தத் திரையைப் பார்த்தால் பிடித்துக்கொண்டு போனதுதான் தெரிகிறதாம். நானும் வற்புறுத்தவில்லை. திங்கட்கிழமை அதே கேள்வி வந்தது.

"இந்த வாரம் ஆடல சேர்."

சார்ஜன் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "ஆடலையா? அப்போ வாரம் முழுக்க என்ன செஞ்சே?"

கோபமாகக் கேட்டார் என்று சொல்ல முடியாது. விளையாட்டுக்குக் கேட்டாரா, சோதித்தாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தம்பியின் காது வெளுத்ததைப் பார்த்தேன். காய்ச்சல் என்று நான்தான் குறுக்கே விழுந்து சொன்னேன்.

அதற்குப் பிறகு அவன் ஒரு வாரமும் தவறவிட்டதில்லை. விருப்பத்தோடு அல்ல. வெள்ளிக்கிழமை வரும்போதே, இன்னும் எத்தனை ஆட்டம் போட்டால் சொல்வதற்கு ஏதாவது இருக்கும் என்று கணக்குப் பார்ப்பான். உதவிக் கோப்பை முழுக்கப் படித்து முடித்தான். எந்த மைதானத்தில் எந்தப் பக்கம் காற்று வீசும் என்பதுவரை தெரிந்து வைத்துக்கொண்டான், கேட்டால் சொல்ல வேண்டுமே என்று. ஆனி மாதத்தில் நிஜமாகவே காய்ச்சல் வந்து படுத்தபோது, போர்வையைப் போர்த்திக்கொண்டு மேசைக்கு வந்து உட்கார்ந்தான்.

"படுடா. செத்தா போயிருவாங்க அந்த வெள்ளக்காரனுங்க?" என்றாள் மனைவி.

"நாளைக்குத் திங்கள்க்கா."

அவள் போய்க் கொத்தமல்லித் தண்ணி கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

ஆவணியில் விசா வந்தது. கடைசித் திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுவிட்டு, பயண விவரம் சொன்னோம். சார்ஜன் தலையாட்டினார். விமான நிலையம் போகும் வழியில் எத்தனை சோதனைச் சாவடியில் எங்கள் வான் வண்டியை நிறுத்தினார்கள் என்பதை என்னால் எழுத முடியும், ஆனால் எழுத மனம் இல்லை. மறுநாள் கத்தாரிலிருந்து அழைப்பு வந்தது. "வந்துட்டேன் மச்சான்," என்றான். மனைவி தொலைபேசியை என்னிடமிருந்து வாங்கி, காதில் வைத்துக்கொண்டே நின்றாள்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை, சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது தோளில் ஒரு கை விழுந்தது. சாதாரண உடுப்பில் சார்ஜன். கையில் வாழைப்பழச் சீப்பு.

"மச்சான் போய்ச் சேர்ந்துட்டானா?"

"சேர்ந்துட்டான் சேர்."

"அப்போ அந்த டீமை யார் பார்க்கிறது?"

யாரும் பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் வாய் வேறு சொன்னது.

"நான்தான் பார்க்கிறேன் சேர்."

"நல்லது. அடுத்த தடவை காணும்போது சொல்லுங்க," என்று சிரித்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து பையை வைத்துவிட்டுக் கணினியைப் போட்டேன். தம்பி விட்டுப்போன இடத்தில் அணி ஆறாவது இடத்தில் நின்றது. பாதிப் பெயர்கள் எனக்குத் தெரியவில்லை. யாரை எப்போது மாற்றினான், ஏன் மாற்றினான் என்று ஒன்றும் விளங்கவில்லை. உதவிக் கோப்பின் முதல் பக்கத்தைத் திறந்தேன்.

மனைவி வந்து எட்டிப் பார்த்தாள்.

"அவன்தான் போயிட்டானே. இன்னும் எதுக்கு அதத் தட்டுறீங்க?"

"சந்தையில சார்ஜனக் கண்டேன். டீம் எப்படின்னு கேட்டாரு."

அவள் சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துவந்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்போ பார்த்து ஆடுங்க. தோத்துக்கிட்டே இருந்தா, ஏன் தோக்குறேன்னு அதுக்கும் ஏதாவது கேப்பாங்க."