கடவையில் நிற்க ஆள் வேண்டும்

ஜெர்மனியின் ஹம் நகரில் தேவமலரைத் தெரியாத தமிழ்க் குடும்பம் கிடையாது. முதியோர் இல்லத்தில் வேலை, நல்ல ஜெர்மன். யாருக்கு அலுவலகக் கடிதம் வந்தாலும் அவள் வீட்டுத் தொலைபேசிதான் முதலில் அடிக்கும்.

நம் சனத்துக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. முகத்துக்கு நேரே கேட்டால் மாட்டேன் என்று சொல்ல வாய் வராது. தொண்ணூற்றைந்தாம் ஆண்டு செப்டெம்பரில், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் கடவையில் நின்று தெருவைத் தாண்டவைக்க யார் வருவீர்கள் என்று தலைமை ஆசிரியை தாளை நீட்டினார். எட்டுத் தமிழ்ப் பெற்றோர் மளமளவென்று கையெழுத்து வைத்தார்கள். ஒருவரும் போகப்போவதில்லை என்று எட்டுப் பேருக்கும் தெரியும், அந்த அப்பாவி மனுசிக்குத்தான் தெரியாது. தேவமலரும் வைத்தாள். அதை மறைத்து என்ன செய்ய?

நவம்பரில் ஒரு கார் ஒரு சிறுமியின் புத்தகப்பையை உரசிக்கொண்டு போனது. தலைமை ஆசிரியை தேவமலரை அழைத்தார். சனிக்கிழமை பொலிஸ் நடத்தும் பயிற்சிக்கு யாரும் வராவிட்டால் கடவையில் ஆள் நிறுத்தும் திட்டத்தையே கைவிட வேண்டும் என்றார். ஏசியிருந்தாலும் பரவாயில்லை. அவர் ஏசாததுதான் இவளைக் கூனிக் குறுக வைத்தது.

அதே சனிக்கிழமைதான் ஊருக்கு அனுப்பும் உதவிப் பொருட்களை ஏற்ற லொறியும் வரவிருந்தது. யாழ்ப்பாணமே போருக்குத் தப்பி ஒரே இரவில் எழும்பி நடந்த நேரம் அது. தேவமலரின் தங்கை மல்லிகாவும் இரண்டு பிள்ளைகளோடு கிளிநொச்சிக்கு நடந்தவள். தேவாலய மண்டபத்தில் உடுப்பும் மருந்தும் பெட்டி பெட்டியாகக் கட்டினார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஜெர்மனில் பட்டியல் எழுத வேண்டும். அதற்கு அவளை விட்டால் ஆளில்லை.

சனிக்கிழமை வரமாட்டேன் என்றபோது, பொறுப்பாக நின்ற இராசலிங்கம் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"அங்கை சனம் மரத்துக்குக் கீழை கிடக்குது, தங்கச்சி. நீர் இங்கை தடி பிடிச்சுக்கொண்டு றோட்டிலை நிக்கப் போறீரோ?"

அவளுக்குக் கோபம்தான் வந்தது. அவர் சொன்னதில் பிழையும் இல்லை. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து நேரே மண்டபத்துக்குப் போய், அதுவரை வந்த பெட்டிகள் அத்தனைக்கும் எழுதி முடித்தாள். மறுநாள் பயிற்சிக்குப் போனாள்.

திங்கட்கிழமை காலை ஏழரைக்குக் கடவையில் நின்றாள். மஞ்சள் மேலங்கி முழங்காலுக்குக் கீழே தொங்கியது. தடியை நீட்டியதும் பஸ் நின்றது. நிற்குமென்று அவளே நம்பவில்லை. கடந்துபோன பிள்ளைகளில் இராசலிங்கத்தின் மகள் சாரங்காவும் ஒருத்தி. தகப்பன் இந்தப் பக்கமே நின்றுவிட்டார்.

"சனி காலமை கெல்சென்கிர்ச்சன் நகரத்திலையிருந்து இன்னும் நாலு பெட்டி வந்தது. எழுத ஆளில்லை, லொறிக்காரர் விட்டிட்டுப் போட்டாங்கள். எல்லாம் பால்மா."

மல்லிகாவின் சின்னவனுக்கு மூன்று வயது. அழக்கூடாது என்று பல்லைக் கடித்தாள்.

"அது நான் விட்டதுதான், அண்ணை. அடுத்த லொறிக்கு எழுதித் தாறன். ஆனா இதையும் விடமாட்டன். ஊரை விட்டு வரேக்கை, நாவற்குழிப் பாலத்திலை, சனநெரிசலுக்கை, சின்னவன் என்ர தங்கச்சி மல்லிகாவின்ர கையை விட்டிட்டான். ஆரோ ஒரு மனுசன் இவள் வருமட்டும் அவனைத் தூக்கி வைச்சுக்கொண்டு நிண்டவராம். அந்தாளுக்கும் தேட ஆக்கள் இருந்திருப்பினம். ஆனா பிள்ளை அவருக்குப் பக்கத்திலை நிண்டது."

தனக்கு வியாழனும் வெள்ளியும் காலை வேலை, அந்த இரண்டு நாளும் ஆள் வேண்டும் என்று அவள் சொன்னாள்.

"வியாழன் எனக்கு ஏலாது," என்றார் அவர்.

ஜெர்மனிக்கு வந்த ஒன்பது வருசத்தில் ஒரு தமிழர் அவள் முகத்துக்கு நேரே ஏலாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அதனால் அடுத்து அவர் சொன்னதை அவள் நம்பினாள்.

"வெள்ளிக்கிழமை வாறன்."