விரற்கடை தூரம்

கூத்தாநல்லூரில் கபீர் யார் என்று கேட்டால் ஏழெட்டுப் பேரைக் காட்டுவார்கள். கராத்தே கபீர் என்றால் அஹமது கபீர் ஒருவர்தான். மேட்டூர்த் தண்ணீர் சரியாக வராத வருஷங்களில் மூடிப்போன துரைராசுவின் ரைஸ் மில்லில், நெல் காயவைத்த சிமெண்டுக் களத்தில், சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர் வகுப்பு நடக்கும். வெள்ளைச் சட்டையும் கறுப்பு பெல்ட்டுமாக அவர் வந்து நின்றால், இடுக்குகளில் மிச்சமிருக்கும் நெல்லைத் தேடி வரும் புறாக்கள்கூடக் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளும்.

அங்கே சட்டம் ஒன்றுதான். குத்து வேகமாகப் போக வேண்டும், எதிராளியின் மூக்குக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றுவிட வேண்டும். பட்டால் ஐம்பது தண்டால். இந்தக் கண்டிப்புக்குக் காரணம் இருந்தது. எண்பத்தொன்பதில் தஞ்சாவூரில் நடந்த போட்டியில் கபீர் இறுதிச் சுற்று வரை போனார். கை கொஞ்சம் நீண்டுவிட்டது, எதிராளிக்கு மூக்கில் ரத்தம். கபீரைத் தோற்றவராக அறிவித்துவிட்டார்கள். அந்தப் போட்டிகளில் பலமாகத் தொட்டவன்தான் தோற்றவன். கோப்பை போன எரிச்சலில் மனிதர் வீட்டுக்கு வந்து ஒரு மெழுகுவத்தியை ஏற்றிவைத்துக் குத்த ஆரம்பித்தார். காற்றிலேயே சுடர் அணைய வேண்டும், கை மெழுகில் படக் கூடாது. ஒரு நாளைக்கு முந்நூறு குத்து, எட்டு வருஷம். கடைசியில் கை பழகிவிட்டது. தூக்கத்தில் குத்தினாலும் ஒரு விரற்கடையில் நின்றுவிடும் அளவுக்குப் பழகிவிட்டது.

தொண்ணூற்றைந்தில் மெஹராஜ் பேகத்தோடு நிக்காஹ். மறு வருஷம் மகள் ஃபஹ்மிதா பிறந்தாள். வீட்டுக்கு ஒருவர் அரபு நாட்டில் இருந்த காலம் அது. ஊரோடு இருக்கும் ஆம்பளையைக் கண்டால், எப்போது புறப்பாடு என்றுதான் விசாரிப்பார்கள். கறுப்பு பெல்ட் கட்டிய போட்டோவைப் பார்த்ததும் ஏஜெண்டுக்கு வாயெல்லாம் பல். குவைத்தில் ஒரு கிடங்குக்குக் காவல் வேலை கிடைத்தது. தனியாக இருக்கப்போகிறவளுக்குத் தற்காப்பு வேண்டுமே என்று, புறப்படுவதற்கு முன் கபீர் அடுப்படியில் மெழுகுவத்தியை ஏற்றி மெஹராஜுக்கும் ஒரே ஒரு குத்தைச் சொல்லிக்கொடுத்தார். பத்தாம் நாள் அவள் குத்திலும் சுடர் அணைந்தது. கபீருக்குப் பெருமை தாங்கவில்லை.

குவைத்தில் இரண்டாம் வருஷம், ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா நேரம். மற்றவர்கள் தொழப் போயிருக்க, கிடங்கில் அவர் மட்டும் இருந்தார். மூன்று பேர் வந்து செம்புக் கம்பிச் சுருள்களை வண்டியில் ஏற்ற ஆரம்பித்தார்கள். கபீர் காலை அகட்டி நின்றார். முதலில் பாய்ந்தவனை நோக்கித் தன் வாழ்நாளிலேயே சிறந்த குத்தை விட்டார். அது அவன் மூக்குக்கு ஒரு விரற்கடை முன்னால் போய் நின்றது. அவன் பயந்து கண்ணை மூடிக்கொண்டான். கபீரும் கையை நீட்டியபடி அப்படியே நின்றார். எதற்கு நின்றார் என்றால், நடுவர் கையைத் தூக்கிப் புள்ளி கொடுப்பதற்காக. திருட்டு நடக்கும் இடத்தில் நடுவர் எங்கிருந்து வருவார்? ஆனால் நடந்தது அதுதான். அவன் கண்ணைத் திறந்தான். தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்துகொண்டான். கீழே கிடந்த இரும்புக் குழாயை எடுத்தான்.

இடது கன்ன எலும்பு நொறுங்கிப்போயிற்று. தகடு வைத்துத் தைத்தார்கள். கன்னத்திலும் அந்தப் பக்கத்து மேலுதட்டிலும் உணர்ச்சி மட்டும் திரும்பவில்லை. ஊருக்கு வந்தவர் லாரி மோதிவிட்டது என்றார். மெஹராஜிடமும் லாரிதான். அவள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அன்றிலிருந்து, சாப்பிடும்போது கன்னத்தில் சோற்றுப் பருக்கை ஒட்டினால் அவருக்குத் தெரியாது. அவள் கையை நீட்டித் துடைத்துவிடுவாள்.

மரத்துப்போனது கன்னத்தோடு நிற்கவில்லை. வகுப்பைத் திரும்ப ஆரம்பித்தார். அதே களம், அதே மெழுகுவத்தி, அதே விரற்கடை. சொல்லிக்கொடுப்பது தெருவில் உதவாது என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததில் வருத்தமும் வரவில்லை, வெட்கமும் வரவில்லை. வாய் ஜப்பான் எண்களைச் சொல்லும், எதிரே வரிசையாகக் கைகள் நீண்டு நிற்கும். யாராவது நன்றாகக் குத்தினால் நன்று என்பார், மோசமாகக் குத்தினாலும் அதே குரலில் திருத்துவார். பெருநாளும் மற்ற நாளும் அவருக்கு ஒன்றாகவே கழிந்தன. இப்படியே பத்து வருஷம்.

ஃபஹ்மிதா ஒன்பதாம் வகுப்புக்கு மன்னார்குடிப் பள்ளிக்கு பஸ்ஸில் போய்வர ஆரம்பித்த வருஷம், நல்லக்கண்ணு என்ற பழைய பட்டாளத்துக்காரர் அந்த ஊரில் ஒரு மண்டபத்தைப் பிடித்து வகுப்பு தொடங்கினார். தெருச் சண்டைக்குத் தெருப் பயிற்சி என்று பஸ் ஸ்டாண்டு முழுக்க போஸ்டர். கபீர் அதைப் படித்துவிட்டு வந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மெஹராஜ் மீன்குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"ஃபஹ்மிதாவ அந்தப் பட்டாளத்துக்காரர்கிட்ட அனுப்பலாம்ங்க."

"வீட்லயே மாஸ்டர் இருக்கறப்பவா? அந்த ஆளு என்ன சொல்லிக்குடுக்குறாரு தெரியுமா? கண்ணுல குத்து, கையக் கடி, கத்து, ஓடு. இதெல்லாம் ஒரு வித்தையா?"

"நான் அதத்தான் செஞ்சேன்."

கபீரின் கை சோற்றில் நின்றது. மெஹராஜ் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நீங்க குவைத்துல இருந்தப்ப. ஒரு மத்தியானம் வாய்க்கா கரையோட வந்துக்கிட்டிருந்தேன். நடவு முடிஞ்சு போச்சு, வயல்ல ஒரு ஆளு இல்ல. ஒருத்தன் கையப் புடிச்சு இழுத்தான். மொதல்ல நீங்க சொல்லிக்குடுத்தத்தான் செஞ்சேன். நல்லாத்தான் போச்சு. அவன் மூக்குக்கு முன்னாடி போய் நின்னுருச்சு." ஒற்றை விரலைப் படுக்கவைத்துக் காட்டினாள். "இவ்வளவு தூரம். அவன் சிரிச்சான்ங்க."

"அப்புறம்?"

"அவன் கட்டவெரலக் கடிச்சேன். அவன் அலறினான். செருப்பு அங்கயே கெடக்க ஓடியாந்துட்டேன்."

"ஏன் எனக்கு எழுதல?"

"மாஸ்டர் பொண்டாட்டி கடிச்சுட்டு ஓடியாந்தேன்னு எப்படிங்க எழுதறது?" அவள் குரலில் கோபம் இல்லை, கேலியும் இல்லை. "அப்புறம் நீங்க வந்து லாரின்னு சொன்னீங்க. ஒங்க கையும் நின்னுருக்கும்னு எனக்கு அன்னைக்கே தெரியும்."

அவமானம் வரும் என்று கபீர் எதிர்பார்த்தார். வரவில்லை. கோபம் வரும் என்று பார்த்தார். அதுவும் இல்லை. யாரோ பக்கத்து வீட்டுக் கதையைச் சொல்லக் கேட்டதுபோல உட்கார்ந்திருந்தார். கையைக் கழுவிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனபோது, அங்கே ஃபஹ்மிதா துணிக்கொடியில் தொங்கிய துண்டுக்கு எதிரே காலை அகட்டி நின்றிருந்தாள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அப்பனைப் பார்த்தே வளர்ந்த பெண். குத்து விட்டாள். துண்டு காற்றில் அசைந்தது. கை துண்டில் படவில்லை.

அதைப் பார்த்ததும் கபீருக்குப் பயம் வந்தது. பத்து வருஷத்தில் முதல் தடவையாக வந்த பயம். மகளுக்கு முன்னால் போய் மண்டியிட்டு உட்கார்ந்து இடது கன்னத்தைக் காட்டினார்.

"இங்க குத்து."

"வலிக்கும்த்தா."

"அங்க வலிக்காது. நிறுத்தாம குத்து."

குத்தினாள். நின்றுவிட்டது. இன்னொரு தடவை குத்தினாள், அதுவும் நின்றது. மூன்றாவதும் அப்படியே. பிள்ளையின் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. "என்னால முடியல அத்தா, தானா நிக்குது" என்றாள்.

"தெரியும்மா. அத்தாவுக்கும் அப்படித்தான் நின்னுச்சு. அது லாரி இல்லம்மா. ஒருத்தன் இரும்புக் கொழாயால அடிச்சான். நான் கைய நீட்டிக்கிட்டு நின்னேன்."

ஃபஹ்மிதா அவர் கன்னத்துத் தழும்பைப் பார்த்தாள். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு குத்தினாள்.

கபீருக்கு ஒன்றும் தெரியவில்லை. தலை கொஞ்சம் திரும்பியதுபோல இருந்தது, அவ்வளவுதான். மகள் கையை உதறிக்கொண்டு அழுதாள். மெஹராஜ் கொல்லை வாசற்படியில் வந்து நின்றிருந்தாள்.

"பட்டுச்சா?" என்று கபீர் அவளிடம் கேட்டார்.

அவள் வந்து, பருக்கையைத் துடைப்பதுபோலவே கையை நீட்டி, அவர் உதட்டோரத்தைத் துடைத்தாள். விரலைத் திருப்பிக் காட்டினாள். ரத்தம்.

"பட்டுச்சுங்க" என்றாள்.