மல்லித் தண்ணீரில் ஜின் மணம்

அண்ணன் குடியை விட்டு மூன்று வருடம் ஆகியிருந்தபோது, ஜின் மணக்கும் கோப்பையை அவர் கையில் கொடுத்தவன் நான். வேண்டுமென்று கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு செய்ததெல்லாம் வேண்டுமென்று செய்ததுதான்.

இரண்டாயிரங்களின் பிற்பகுதி. நோர்வேயில், புருசெத் என்ற புறநகரில் ஒரு தொடர்மாடியில் அண்ணன், அண்ணி, அவர்களுடைய நாலு வயது மகள் ஆகியோரோடு நானும் ஒட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் குடித்த காலத்தில் அண்ணி பட்ட பாட்டை நான் கண்ணால் கண்டவன். அதனால் அண்ணி எனக்கு ஒரேயொரு நிபந்தனைதான் போட்டிருந்தார்.

"தம்பி, இந்த வீட்டுக்குள்ளை குடி வரக்கூடாது. வாயாலையும் வரக்கூடாது, சட்டையாலையும் வரக்கூடாது."

"ஓம் அண்ணி" என்று தலையாட்டினேன். ஹோட்டல் சமையலறையில் கோப்பை கழுவுகிறேன் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். கோப்பை கழுவியது உண்மை. ஹோட்டலும் சமையலறையும் பொய். நான் வேலை செய்தது நகர மத்தியில் இருந்த ஒரு பாரில். உடுப்பை அங்கேயே மாற்றி, முகம் கழுவி, வாயில் இரண்டு ஏலக்காயைப் போட்டுக்கொண்டுதான் ரயில் ஏறுவேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை, சாப்பிடுகிறவர்கள் நம்மை நம்பினால்.

என் முதலாளி நோர்வேக்காரர். அமெரிக்காவுக்கு ஒருமுறை போய்வந்ததிலிருந்து மனிதருக்கு ஜின் பித்துப் பிடித்துவிட்டது. அங்கே சின்னச் சின்ன வடிசாலைகள் முளைத்துவிட்டன, ஒவ்வொருவரும் தன் மனம்போன போக்கில் வடிக்கிறான் என்பார். பழைய ஜின்னில் ஜுனிப்பர் காய்தான் பெரிய ஆள். இந்த அமெரிக்கர்கள் அதைப் பின்வாங்கில் இருத்திவிட்டு லாவெண்டர் பூ, தோடம்பழம் என்கிற ஆரஞ்சின் தோல், வெள்ளரிக்காய், ஏலக்காய் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் முன்னுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். ஒரு நாள் கழுவ வந்த கிளாஸ் ஒன்றை மூக்கில் வைத்துவிட்டு, இதற்குள் கொத்தமல்லி இருக்கிறது, ஏலக்காய் இருக்கிறது, நன்னாரி மாதிரி ஒரு வேரும் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில் சொன்னேன். முதலாளி போத்தலைத் திருப்பிப் பார்த்தார். மூன்றும் சரி. நான் நன்னாரி என்றது அமெரிக்காவின் வேறொரு கொடி, ஆனாலும் மணத்தில் நெருங்கிய சொந்தம்தான்.

அடுத்த வாரமே என்னைத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து பார் மேசைக்கு உயர்த்தினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வந்த நாளிலிருந்து இந்த நாடு என் கையைத்தான் வேலைக்கு எடுத்தது. முதல் தடவையாக என் மூக்கை எடுத்திருக்கிறது. அந்தப் பெருமையைச் சொல்லிக்கொள்ள வீட்டில் ஒருவரும் இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

அந்தக் குளிர்காலம் முதலாளி ஒரு ஜின் சுவைப்பு ஏற்பாடு செய்தார். வருகிறவர்கள் ஒவ்வொரு வாசனையையும் தனித்தனியே பழக வேண்டுமென்று மல்லி விதை, ஏலம், தோல், வேர் எல்லாவற்றையும் வெவ்வேறு போத்தலில் ஜின்னில் ஊறவைத்தார். எல்லாம் முடிந்த மறுநாள் காலை அவற்றை வடித்துக் குப்பையில் கொட்டப் போனார். அரைக் கிலோவுக்குக் குறையாத மல்லி. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க எந்த யாழ்ப்பாணத்தவனுக்கு மனம் வரும்? வாங்கி ஒரு தட்டில் பரப்பி, கிளாஸ் கழுவும் இயந்திரத்தின் சூட்டில் பாதி காயவைத்து, ஜாம் போத்தலில் போட்டு மூடி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இது மல்லிதானே, சாராயமில்லையே என்று எனக்கு நானே வக்கீலாகி வாதாடி வென்றேன்.

இரண்டு வாரம் கழித்து அண்ணனுக்கு நல்ல தடிமன், தும்மலும் இருமலும். ஞாயிற்றுக்கிழமை, கடைகள் பூட்டு. அண்ணி முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போயிருந்தார்.

"தம்பி, கொஞ்சம் மல்லி அவிச்சுத் தாவன்" என்றார் அண்ணன்.

வீட்டு மல்லி டப்பா வெறுமையாக இருந்தது. என் போத்தலை எடுத்தேன். கொதித்தால் எல்லாம் போய்விடும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்றால், அதில் போகவேண்டியது ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருக்கிறது என்றுதானே அர்த்தம். இஞ்சி தட்டிப்போட்டு அவித்து மணந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. முதலாளி மெச்சிய மூக்கு அந்த மணத்துக்கு எப்போதோ மரத்துப்போயிருந்தது.

அண்ணன் ஒரு மிடறு குடித்தார். கோப்பையைப் பிடித்தபடி யன்னலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அடிவரை குடித்தார்.

"சரியோ அண்ணை?"

"ஓம். நல்லாயிருக்கு."

நாலு மணிபோல அண்ணி வந்தார். மேல்சட்டையைக்கூடக் கழற்றாமல், கட்டிலருகே இருந்த கோப்பையை எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். நான் குசினியில் அடுப்பருகே நின்றேன். கதவு திறந்திருந்தது.

"இதென்ன மணக்குது? இதுக்குள்ளை என்ன ஊத்தினனீங்கள்?"

"மல்லித் தண்ணியப்பா."

"எனக்குத் தெரியாத மணமோ? மல்லி ஆர் அவிச்சது?"

நான் வாயைத் திறக்குமுன் அண்ணன் சொன்னார், "நான்தான்."

எனக்கு அந்தக் கணத்தில் வந்தது என்ன தெரியுமா? நிம்மதி. வெட்கமில்லாமல் சொல்கிறேன், நிம்மதிதான் வந்தது.

"நான் குடிக்கேல்லை" என்றார் அண்ணன்.

"குடிகாரன் பேச்சு விடிஞ்சால் போச்சு எண்டு சும்மாவோ சொன்னவை?"

அண்ணன் எழுந்து, பக்கத்தில் படம் கீறிக்கொண்டிருந்த மகளின் தலையில் கையை வைத்தார். "பிள்ளையாணைச் சத்தியமா…" அவர் முடிக்கவில்லை. அண்ணி பாய்ந்து அந்தத் தலையை அவர் கைக்குக் கீழிருந்து இழுத்தெடுத்து, பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டார். பொய்ச் சத்தியம் பிள்ளையில் விழுந்துவிடும் என்ற பயம். அண்ணனின் கை வெறுமனே அந்தரத்தில் நின்றது.

அண்ணி என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்களும் வீட்டிலைதானே நிண்டனீங்கள். ஏதும் கண்டனீங்களோ?"

"இல்லை அண்ணி. நான் ஒண்டும் காணேல்லை."

திருடனுக்குத் தேள் கொட்டினமாதிரி நின்றேன். பிறகு சட்டியை மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவினேன். போத்தலை ஜாக்கெட்டுக்குள் வைத்துக் கொண்டுபோய்க் கீழே குப்பையில் போட்டேன்.

அன்றிலிருந்து அண்ணி, அண்ணன் குடித்து வைத்த கோப்பை ஒவ்வொன்றையும் மணந்து பார்த்த பிறகுதான் கழுவினார். தேத்தண்ணீர்க் கோப்பையையும் விடவில்லை. அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டு இருப்பார். மகளைத் தனியாக அவரோடு பூங்காவுக்கு விடுவதும் நின்றுபோனது. எல்லாம் என் கண் முன்னால் நடந்தது. என்னால் அந்த வீட்டில் சோறு விழுங்க முடியவில்லை. வசந்தம் வந்ததும் பார் வேலையை விட்டேன். லில்லெஸ்ட்ரோம் என்ற வேறு ஊரில் ஒரு களஞ்சிய வேலையும் அறையும் தேடிக்கொண்டேன்.

கோடையில் ஒரு நாள் துணிந்து புருசெத்துக்குப் போய் அண்ணனைக் காட்டுப் பக்கம் நடக்கக் கூப்பிட்டேன். பாதையோரம் ஜுனிப்பர் பற்றை ஒன்று நின்றது. அதைப் பார்க்காமல் பாரையும் போத்தலையும் மல்லியையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். "இப்பவே வந்து அண்ணியிட்டைச் சொல்லுறன் அண்ணை" என்றேன். அழுகை வந்துவிட்டது.

அண்ணன் ஒரு காயைப் பறித்து நகத்தால் கீறி மணந்தார்.

"எனக்குத் தெரியுமடா" என்றார். "முதல் மிடறிலையே தெரியும். உன்னைக் காட்டிக் குடுத்தால் அவ உன்னை வெளியிலை விட்டிருப்பா. அதாலைதான் நான் அவிச்சனெண்டு சொன்னனான்."

"அப்ப ஏன் அண்ணை குடிச்சனீங்கள்?"

"தெரிஞ்சுதான் குடிச்சு முடிச்சனான். கோப்பையைக் கீழை வைக்க ஏலாமல் போச்சு. இன்னும் இருக்கோ எண்டு உன்னட்டைக் கேக்கவும் பாத்தனான்." காயைப் பற்றைக்குள் எறிந்தார். "அவ பிள்ளையின்ரை தலையை இழுத்தது நல்லது. அது பொய்ச் சத்தியம்தான்."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பினேன்.

"அவவுக்குச் சொல்லாதை" என்றார். "நீ சொன்னால் அவ என்னை முழுசா நம்பியிடுவா. அது எனக்கு வேண்டாம். அவ மணந்து பாக்கட்டும்."

அண்ணன் அதன் பிறகு குடிக்கவேயில்லை. இப்போதும் நான் அங்கே போனால் அண்ணி எல்லோருக்கும் தேத்தண்ணீர் தருவார். குடித்து முடிந்ததும் கோப்பைகளைச் சேர்ப்பார். அண்ணனுடையதை மூக்கருகே கொண்டுபோவார். என்னுடையதை மணக்காமலே கழுவ எடுத்துப் போவார்.