வாக்கியம் முறிந்த இடம்

அறுவை சிகிச்சை வார்டில் அந்த டாக்டரம்மாவுக்கு இருந்த பெயர் 'மறுபடி டாக்டர்'. முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. காலையில் பார்த்த நோயாளியை மதியம் மறுபடி பார்ப்பார். மதியம் பார்த்தவரை வீட்டுக்குக் கிளம்பும் முன் மறுபடி பார்ப்பார். அதனால் தரை துடைக்கிறவர் முதல் மயக்க மருந்து கொடுக்கிறவர் வரை எல்லோருக்கும் அந்தப் பெயர் பழக்கம். அது அவர் காதுக்கும் வந்திருந்தது. அதற்காகக் கோபப்படும் அளவுக்குத் தெம்பு மிச்சமிருந்ததில்லை.

கைராசிக்காரர் என்று அவரை யாரும் சொன்னதில்லை. கத்தி பிடிப்பதில் சுமார்தான். கூடப் படித்தவர்கள் துறைத் தலைவர்களாகிவிட்டார்கள்; இவர் இன்னும் உதவி மருத்துவர். மதியச் சாப்பாட்டை சாயங்காலம் சாப்பிடுவார், அதுவும் நின்றுகொண்டு. கால் வீக்கத்துக்காக ஒரு அளவு பெரிய செருப்பு போட்டிருப்பார். வராந்தாவில் அது இழுபடும் சத்தம் கேட்டால் படுக்கைகளில் இருப்பவர்கள், "வந்துட்டாங்கப்பா மறுபடியும்" என்று முனகுவார்கள்.

அவருக்கு ஒதுக்கப்படுபவர்களில் பாதிப்பேர் கணைய அழற்சிக்காரர்கள். பித்தப்பையில் உருவான கல் ஒன்று நழுவி வந்து, கணையத்தின் நீர் வடிகிற வாயை அடைத்துக்கொள்ளும். வெளியே போக வழியில்லாத செரிமான நீர் கணையத்தையே தின்னத் தொடங்கும். முதல் நாள் எல்லோரும் ஒரே மாதிரிதான் சுருண்டு கிடப்பார்கள். பெரும்பாலானவர்கள் ஒரு வாரத்தில் எழுந்து வீட்டுக்குப் போவார்கள். சிலருக்கு நுரையீரல், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகும். அந்தச் சிலர் யார் என்பதை முன்கூட்டியே கண்டுகொள்வதுதான் வேலை.

ரத்தத்தில் அமிலேஸ் என்ற பொருள் ஏறியிருப்பதை வைத்து, நோய் இதுதான் என்று சொல்லிவிடலாம். நோய் எவ்வளவு கடுமை என்பதை அந்த ஏற்றம் சொல்லாது. புகை இருந்தால் நெருப்பு உண்டு என்பது அனுமானத்தின் பழைய உதாரணம். ஆனால் புகையின் அளவைக் கொண்டு நெருப்பை அளக்கப் போனால் ஏமாந்துபோவோம். ஈர விறகு ஊரையே மறைக்கும்படி புகையும். காய்ந்த விறகு சத்தமில்லாமல் கூரையைத் தின்றுவிடும்.

அதனால் டாக்டர் வேறு சிலவற்றைப் பார்ப்பார். யூரியா ஏறுகிறதா, சிறுநீர் குறைகிறதா, இடது நுரையீரலின் அடியில் நீர் கோக்கிறதா. இவற்றோடு அவருக்கென்று ஒரு வழியும் இருந்தது. படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்து, "ஏதாவது சொல்லுங்க" என்பார். வேலையைப் பற்றி, வீட்டைப் பற்றி, மருமகளைப் பற்றி, எதுவானாலும் சரி. சொல்வது என்ன என்பதைவிட, வாக்கியம் எந்த இடத்தில் மூச்சுக்காக நிற்கிறது என்பதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார். காலையில் ஒரே மூச்சில் சொல்லி முடித்த வாக்கியம் மதியம் இரண்டாக உடைந்தால், அவர் முகத்தில் ஒரு சலிப்பு வரும். அவர் முகத்தில் பயம் தெரிவதைவிட அந்தச் சலிப்பைக் கண்டுதான் செவிலியர்கள் பதறுவார்கள்.

இந்த வழி ஒரு பஸ் கண்டக்டரிடமிருந்து கிடைத்தது. அவர் வார்டுக்கு வந்தது முதல் வாயை மூடவில்லை. ஒரு நாள் காலையில் திடீரென்று துண்டு துண்டாகப் பேசினார். ரத்தப் பரிசோதனையில் எதுவும் தெரியாத அந்த நேரத்திலேயே டாக்டர் அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினார். பிழைத்துக்கொண்டார். "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு எங்கம்மா சொன்னது சும்மா இல்ல மேடம்" என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

டாக்டரின் வீட்டில் இருந்ததோ வாயில்லாப் பூச்சி. கணவர் கல்லூரியில் இயற்பியல் வாத்தியார். வீட்டிலும் அவரை வாத்தியார் என்றுதான் சொல்வார்கள். "சாப்பிட்டீங்களா?" என்றால் "ஆச்சு." "மழை வருமா?" என்றால் "பாப்போம்." இரண்டு வார்த்தைக்கு மேல் செலவழித்தால் அன்று ஏதோ விசேஷம் என்று அர்த்தம். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர் வாய் திறக்கும். ஈய அணுக்கருக்களை ஒளிக்குச் சற்றுக் குறைந்த வேகத்தில் மோதவிடுகிறார்கள். அந்த மோதல்களின் பதிவுகள் பல நாட்டுக் கல்லூரிகளுக்குப் பிரித்து அனுப்பப்படுகின்றன. அதில் ஒரு பங்கு அவருக்கும் வரும். எந்த மோதல் நேருக்கு நேர், எது வெறும் உரசல் என்று தரம்பிரிப்பது அவர் வேலை. மோதலை யாரும் கண்ணால் பார்க்க முடியாது. தெறித்து வந்த துகள்களை எண்ணித்தான் முடிவுசெய்ய வேண்டும். நிறையத் தெறித்தால் நேர் மோதல். கொஞ்சம் என்றால் உரசல்.

கல்யாணமான புதிதில் இதைப் பற்றி அவர் ஆசையாகச் சொல்ல ஆரம்பிப்பார். டாக்டர் தலையணையில் சாய்ந்தபடி "ம்... ம்..." என்பார். மூன்றாவது "ம்"முக்குள் தூங்கியிருப்பார். வார்டில் நின்று தேய்ந்த உடம்பு. அதில் யார்மேலும் குற்றமில்லை. சில வருஷங்களில் வாத்தியார் சொல்வதையே விட்டுவிட்டார்.

அவருக்கு ஒரு விடியற்காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. முதுகுவரை ஊடுருவும் வலி. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அமிலேஸ் எங்கோ உச்சியில் இருந்தது. பித்தப்பை நிறையக் கல். வீட்டிலேயே வைத்துக்கொண்டு கவனிக்காமல் விட்டோமே என்று டாக்டர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. படுக்கை விரிப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டே இருந்தார்.

மறுநாள் காலை அமிலேஸ் பாதியாக இறங்கியிருந்தது. வாத்தியார் சாதாரணமாகக் காட்டாத ஒரு சந்தோஷத்தோடு மனைவியைப் பார்த்தார்.

"பாதி" என்றார்.

"அது எல்லாருக்கும் இறங்கும்ங்க."

"தெறிப்பு கம்மி. உரசல்தான்."

"இது உங்க ஈயம் இல்லைங்க. அமிலேஸ் இறங்கிட்டதால நோய் இறங்கிட்டதுன்னு அர்த்தம் இல்ல."

"பாப்போம்" என்று கண்ணை மூடிக்கொண்டார். வாழ்நாள் முழுக்கச் சிதறலை எண்ணி மோதலை அளந்த மனிதர், தன் வயிற்றையும் அதே படியால் அளந்தார். படிப்பில்லாதவருக்கு இந்தத் தவறு வந்திருக்காது. வலிக்கிறது என்றாவது சொல்லியிருப்பார்.

டாக்டருக்கு உள்ளே ஏதோ உறுத்தியது. யூரியா சற்றே ஏறியிருந்தது. கட்டிலோரம் சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பை முந்தின நாளைவிடத் தொய்வாகத் தொங்கியது. இடது முதுகின் அடியில் விரலால் தட்டினால் ஓசை மந்தமாக இருந்தது, அல்லது அப்படித் தோன்றியது. மூச்சை எண்ணிப் பார்த்தார். இங்குமில்லை அங்குமில்லை என்ற கணக்கு. மனைவி தன் மார்பையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்ததும் வாத்தியார் ஒழுங்காக மூச்சுவிட ஆரம்பித்துவிட்டார்.

"ஏதாவது சொல்லுங்க."

"என்ன?"

"வலி எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

"பரவால்ல."

ஒரு வார்த்தையில் மூச்சு எங்கே உடையும்? இத்தனை வருஷம் எத்தனையோ பேரிடம் செல்லுபடியான வழி, சொந்த வீட்டுக்காரரிடம் கல்லில் முட்டியது. பக்கத்து நாற்காலியில் வாத்தியாரின் தங்கை. அண்ணனுக்கும் சேர்த்துத் தானே பேசித் தீர்ப்பது என்று பிறவியிலேயே ஒப்பந்தம் போட்டுக்கொண்டு வந்தவள்.

"அண்ணி, எங்க அண்ணன் பொறந்தப்பவே அழலையாம். முதுகுல ரெண்டு போட்டுத்தான் அழ வெச்சாங்களாம். அவர்கிட்ட போய் வலிக்குதான்னு கேட்டா? வீடு பத்திக்கிட்டு எரிஞ்சாலும் 'பாப்போம்'னுதான் சொல்வாரு."

வார்டு சிஸ்டர் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டார். "உக்காருங்க மேடம். பாக்கிறவங்க உங்களைத்தான் பேஷன்ட்டுன்னு நெனைப்பாங்க."

டாக்டர் உட்காரவில்லை. மாடியிலிருந்த தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரே ஒரு படுக்கைதான் காலியாக இருந்தது. மதியம் ஆபரேஷன் முடிந்து வரப்போகும் ஒரு பெண்ணுக்காக அதை வைத்திருந்தார்கள். வேண்டியவர், தெரிந்தவர் என்று அந்தப் படுக்கையைக் கேட்டு வந்தவர்களை இதே டாக்டர் பலமுறை முகத்தில் அடித்தாற்போலத் திருப்பி அனுப்பியிருக்கிறார். இப்போது எந்த முகத்தோடு போய்க் கேட்பது? அதைவிட மோசமான கேள்வி ஒன்றும் இருந்தது. தான் பார்ப்பது நோயையா, பயத்தையா? வேறொருவருடைய கணவர் இந்தப் படுக்கையில் இருந்தால் அந்த மந்தமான ஓசை காதில் விழுந்திருக்குமா?

போய்க் கேட்டார். துறைத் தலைவரான சீஃப் மோசமான மனிதர் அல்ல. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"ஏம்மா, அமிலேஸ் பாதியாயிருக்கு, வலி குறைஞ்சிருக்கு. யூரியா கொஞ்சம் ஏறினா டிரிப்ஸைக் கூட்டுவோம். இன்னொருத்தரா இருந்தா நீயே இதைத்தான் சொல்லுவே."

"தெரியல சார்."

"நீ டாக்டரா கேக்கறியா, சம்சாரமா கேக்கறியா?"

"அதுதான் சார் எனக்கும் தெரியல. நீங்க வந்து ஒரு தடவை பாருங்க."

சீஃப் வந்தார். "எப்படி சார் இருக்கீங்க?" "நல்லாருக்கேன்." "மூச்சுத் திணறல்?" "இல்ல." சீஃப் திரும்பி, இதற்கு மேல் என்ன வேண்டும் என்பதுபோல் டாக்டரைப் பார்த்தார். ஒரு காலை ஏற்கெனவே கதவுப் பக்கம் வைத்துவிட்டார்.

டாக்டர் அப்போதுதான் உட்கார்ந்தார்.

"என்னங்க. அந்த ஈயக்கரு மோதினா உள்ள என்ன ஆகும்னு சொல்லுவீங்களே. எனக்கு அது இன்னும் சரியாப் புரியல. சீஃப் சாரும் இருக்காரு. கொஞ்சம் சொல்லுங்களேன்."

வாத்தியார் கண்ணைத் திறந்து மனைவியைப் பார்த்தார். அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பிறகு பல நாள் டாக்டரால் மறக்க முடியவில்லை. தலையணையில் கொஞ்சம் நிமிர்ந்துகொண்டார்.

"ரெண்டு ஈயக்கரு நேருக்கு நேரா வருது. அந்த வேகத்துல அது... உருண்டையா இருக்காது. தட்டு மாதிரி... நசுங்கித் தெரியும். மோதின உடனே... உள்ள இருக்கிற புரோட்டான், நியூட்ரான்... எல்லாம் உருகிப்போயிடும். அது வாயு மாதிரி... சிதறி ஓடும்னு... நெனச்சிருந்தோம். இல்ல. தண்ணி மாதிரி... ஒண்ணா... சேர்ந்து... ஒழுகுது."

நாத்தனார், "அடேயப்பா, அண்ணன் இவ்வளவு பேசுவாரா!" என்று வாயைப் பிளந்தாள். டாக்டர் தலையாட்டிக்கொண்டிருந்தார். சீஃப் கதவுப் பக்கமிருந்து திரும்பி வந்திருந்தார். மூன்றாவது வாக்கியத்திலேயே அவர் பார்வை கைக்கடிகாரத்துக்கும் வாத்தியாரின் கழுத்துக்குழிக்கும் நடுவே போய்வரத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் அந்தக் குழி உள்ளே இழுத்தது.

"போதும் சார், நல்லா சொன்னீங்க" என்றார் சீஃப் மெதுவாக. பிறகு சிஸ்டர் பக்கம் திரும்பி, "உடனே மார்பு எக்ஸ்ரே. அப்படியே மேல கொண்டுபோங்க. ஆபரேஷன் பேஷன்ட்டைத் தியேட்டர்லயே வெச்சுப் பாத்துக்கச் சொல்றேன்."

தள்ளுவண்டி வந்தது. லிஃப்ட் கதவு மூடும்போது வாத்தியார், "மீதி இருக்கு" என்றார்.

"அப்புறம் கேக்கறேன்" என்றார் டாக்டர்.

எக்ஸ்ரேயில் இடது பக்கம் நீர் கோத்திருந்தது. அடுத்த நாள் சிறுநீரகமும் தடுமாறியது. மூச்சுக்குக் குழாய் வைக்க வேண்டியிருந்தது. அந்த நாள்களில் டாக்டர் வழக்கம்போல வார்டு வேலையைப் பார்த்தார்; மற்ற கணைய அழற்சிக்காரர்களின் பக்கத்தில் உட்கார்ந்து மாமியார் சண்டைகளைக் கேட்டார். இடையில் மாடிக்குப் போய், பேச முடியாத தன் கணவரைப் பார்த்துவிட்டு வந்தார். அழுததை யாரும் பார்க்கவில்லை. மனத்திடம் என்று அதைச் சொல்வது மிகை. களைப்பு அழுகைக்கும் இடம் விடுவதில்லை.

வாத்தியார் தேறினார். மெதுவாக, பாதி எடையோடு. பித்தப்பையை உடம்பு திடப்பட்டதும் எடுத்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அங்கேதான் நாத்தனார் உளறினாள். "அண்ணி கெட்டிக்காரி அண்ணே. உங்க ஈயக் கதையெல்லாம் யாருக்கு வேணும்? சும்மா பேச வெச்சு மூச்சைப் பாத்தாங்க!"

வாத்தியாருக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் பேசாமல் இருந்தார். வழக்கமாகவே பேசாதவர் என்பதால் வீட்டில் யாருக்கும் அது தெரியவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம், டாக்டர் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் காலை நீட்டியபோது, வாத்தியாரே வாய் திறந்து கேட்கவேண்டியதாயிற்று.

"அன்னைக்கு நீ கேக்கல, இல்ல?"

டாக்டருக்கு எதைப் பற்றிய கேள்வி என்று உடனே புரிந்தது. பொய் சொல்லலாம். அதற்கும் தெம்பு வேண்டும்.

"மூச்சைத்தான் எண்ணினேன்."

"ம்."

"ஆனா கேட்டேன்."

"என்ன கேட்டே?"

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "'ரெண்டு ஈயக்கரு நேருக்கு நேரா வருது.' அதுவரைக்கும் ஒரு மூச்சு. 'அந்த வேகத்துல அது', அங்க ஒண்ணு. 'உருண்டையா இருக்காது. தட்டு மாதிரி', அங்க ஒண்ணு. 'நசுங்கித் தெரியும். மோதின உடனே'..."

கடைசிச் சொல்வரை சொன்னார். எங்கெங்கே உடைந்ததோ அங்கெல்லாம் நிறுத்தி, "தண்ணி மாதிரி... ஒண்ணா... சேர்ந்து... ஒழுகுது" என்று முடித்தார். ஒரு சொல் விடுபடவில்லை. அர்த்தம் எவ்வளவு புரிந்தது என்பது வேறு விஷயம்.

வாத்தியார் கட்டிலின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். வகுப்பில் எந்த மாணவனும் அவர் சொன்னதை இப்படித் திருப்பிச் சொன்னதில்லை.

"மீதி இருக்குன்னு சொன்னீங்க" என்றார் டாக்டர்.

"தூங்கிடுவே."

"தூங்கத்தான் போறேன். நீங்க சொல்லுங்க."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அது ஒழுகுறப்போ எல்லாப் பக்கமும் சமமா ஒழுகாது, ஏன்னா கொஞ்சம் விலகி மோதினா நடுவுல இருக்கிற அந்த உருகின வஸ்து வட்டமா இல்லாம கண்ணு மாதிரி நீளமா இருக்கும், அதனால குறுகலான பக்கத்துல அழுத்தம் சட்டுனு மாறி அந்தப் பக்கம்தான் துகள் அதிகமா வரும், அதை வெச்சு..."

வாக்கியம் எங்கும் நிற்கவில்லை. டாக்டர் அதில் ஒரு உடைப்பாவது வருகிறதா என்று கொஞ்ச தூரம்வரை கேட்டுக்கொண்டு போனார். வரவில்லை. "ம்" என்றார். மறுபடி ஒரு "ம்." மூன்றாவது வரவில்லை.

வாத்தியார் அவர் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டு மேலே சொல்லிக்கொண்டு போனார்.