வெள்ளத்தை ஓட்டிய மதியங்கள்

சைரனை இரண்டு துண்டுகளால் சுற்றி, அட்டைப்பெட்டிக்குள் இறக்கி, மேலே ஒரு தலையணையை வைத்து அமுக்கியிருந்தோம். அப்படியும் அது அலறினால், கீழே புரோட்டாக் கடை மாஸ்டர் கல்லை விட்டு வெளியே வந்து மாடியைப் பார்ப்பார். தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் இருந்தது எங்கள் அலுவலகம். வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கும். "எம்மா, மாடியில மறுபடியும் வெள்ளமா? கடைக்கு ரெண்டு குடம் எறக்கி விடுங்க, காலைலேர்ந்து குழாயில தண்ணி வரல" என்பார். சாப்பிடுகிறவர்கள் சிரிப்பார்கள். சைரனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அந்தச் சிரிப்பு வேறு ஏதோ ஊரிலிருந்து வருவதுபோல இருக்கும்.

அருவியில் திடீரென்று தண்ணீர் பெருகினால் எச்சரிக்கும் பெட்டிகளை நாங்கள் செய்துகொண்டிருந்தோம். மலைமேல் நீர்மட்டத்தை அளக்கும் கருவிகள், பாறையை நோக்கிய கேமரா, ரேடியோ, சைரன், இத்தனையையும் கட்டி மேய்க்க உள்ளங்கை அளவில் ஒரு மலிவான கணினி. அதன் கர்னல், அதாவது எல்லா நிரல்களுக்கும் அடியில் இருந்து கருவிகளை ஆளும் இயங்குதளத்தின் உட்பகுதி, அக்காவின் பொறுப்பு. வாசுதேவநல்லூர்க்காரர். அலுவலகத்தில் எல்லோருக்குமே அவர் அக்காதான். எல்லாவற்றையும் வரிசை போட்டு எழுதிவைக்கும் என் பழக்கத்தைக் கிண்டல் செய்வார்: "ஏட்டி, மூச்சு விடுததையும் எழுதி டிக் அடிச்சுக்கோ." பெட்டிகளைக் கம்பத்தில் ஏற்றிப் பொருத்துவது அவருடைய சொந்தத் தம்பி. நான் அண்ணன் என்று கூப்பிடுவேன்.

கர்னலை வேகமாக்க அக்கா கையாண்ட முறையை இங்கே சொல்லிவிட வேண்டும். நிரலை இயந்திரத்துக்கு ஏற்ப மாற்றித்தரும் கம்பைலருக்கு, அதில் எந்தப் பகுதி அதிகம் ஓடும் என்று தெரியாது. அதனால் முதலில், ஒவ்வொரு கிளையிலும் எண்ணிக்கை வைத்த கர்னல் ஒன்றைக் கட்டி உண்மையான வேலையில் ஓடவிடுவோம். எந்தப் பாதையில் எவ்வளவு நடமாட்டம் என்ற புரொஃபைல் அதிலிருந்து கிடைக்கும். அதைக் காட்டி மறுபடி கட்டினால், அதிகம் நடந்த பாதைகளைக் கம்பைலர் நேராக்கி அருகருகே வைக்கும். யாரும் நடக்காதவற்றைச் சுருக்கி மூலைக்குத் தள்ளும். "குளிக்கப் போறவன் பையில துண்டு மேல இருக்கணும்ட்டி. கம்பளி அடியில கெடந்தாப் போதும்" என்பார் அக்கா. முதல் புரொஃபைலை ஒரு சாரல் காலத்தில் அவரே எடுத்தார். மெல்லிய காற்று, அளவாக விழும் தண்ணீர், எண்ணெய் தேய்த்து நிற்கும் கூட்டம். அந்தக் கர்னல் அழகாக ஓடியது. வெள்ளத்தை மட்டும் அது பார்த்ததில்லை.

முதல் பெட்டியைச் சோதனைக்காக ஒரு தனியார் தோட்டத்துக்குள் இருக்கும் சிறிய அருவியில் வைத்திருந்தோம். ஆள் இல்லாத ஒரு பகலில் அண்ணன் கேமராக் கண்ணாடியில் படிந்த சாரலைத் துடைக்கப் போனார். மலைமேல் மழை கொட்டியது எங்கள் யாருக்கும் தெரியாது. கருவிகள் எல்லாம் ஒரே நேரத்தில் பெட்டிக்குள் தகவலைக் கொட்டின. செல்போன் கோபுரம் செயலிழக்க, ரேடியோ எழுந்தது. மூலைக்குத் தள்ளப்பட்டிருந்த பாதைகள் அத்தனையும் ஒன்றாகத் தேவைப்பட்டன. ஒவ்வொன்றிலும் துளித் தாமதம்தான். ஆனால் கணினியின் வலு ஏற்கெனவே தீர்ந்திருந்ததால் துளிகள் வரிசை கட்டி நின்றன. அண்ணனைத் தண்ணீர் கொண்டுபோன பிறகே சைரன் அடித்தது.

காரியம் முடிந்த மறுநாள் அக்கா வேலைக்கு வந்தார். ஐப்பசி மழைக்குள் மற்ற அருவிகளுக்குப் பெட்டிகள் போயாக வேண்டும். வெள்ளம் பார்த்த புரொஃபைல் ஒன்று வேண்டும். வெள்ளத்தைப் போன்ற தரவை நானே உருவாக்கித் தருகிறேன் என்றேன். அக்கா திரும்பவே இல்லை. "செஞ்ச வெள்ளம் வேண்டாம். வந்த வெள்ளம் இருக்குலா" என்றார்.

இருந்தது. கருவிகள் அனுப்பிய அளவுகள், கேமராப் படம், எல்லாம் பெட்டியின் நினைவகத்தில் அப்படியே இருந்தன. அவற்றை அதே வேகத்தில் அலுவலகக் கணினிக்குள் திருப்பிவிட்டால், மலையில் இருப்பதாகவே அது நினைத்துக்கொள்ளும். இதற்கு நாங்கள் வைத்த பெயர் வெள்ளம் ஓட்டுவது. படத்தில் முதலில் வெறும் மங்கல். பிறகு கண்ணாடியை ஒரு துண்டு துடைக்கும், உள்ளிருந்து யாரோ நம் அறையைத் துடைத்துப் பார்ப்பதுபோல. துடைத்த இடத்தில் அண்ணனின் முகம் மிகப் பெரிதாகத் தெரியும். வாய் அசையும். பெட்டியில் ஒலிவாங்கி கிடையாது. "எக்கா, தெரியுதா? தெரியுதாக்கா?ன்னு கேக்கான்" என்று அக்கா ஒருமுறை சொன்னார். பிறகு அண்ணன் பாறையில் இறங்கிக் குனிந்து துண்டை அலசுவார். ஒரு கட்டத்தில் நிமிர்ந்து மேலே பார்ப்பார். கல் உருளும் சத்தம் கேட்டிருக்கலாம். ஒரு கணம் நின்றுவிட்டு மறுபடி குனிவார். சைரன் அவர் நிமிரும்போது அடித்திருந்தால் கரையேற நேரம் இருந்தது. எங்கள் முன்னால் இருந்த வேலை அவ்வளவுதான்: அந்த நிமிர்தலுக்குப் பிந்தாமல் சைரன் அடிக்க வேண்டும்.

புரொஃபைல் எடுப்பதற்காக ஓட்டும்போது அக்கா என்னை அறையில் இருக்க விடமாட்டார். "நீ போய் சாப்பிட்டுட்டு வாட்டி" என்பார். அவர் எடுத்த புரொஃபைலைக் கொண்டு நான் புதிய கர்னலைக் கட்டி, திரையை அணைத்துவிட்டு ஓட்டி, சைரன் எப்போது அடிக்கிறது என்று அளப்பேன். கொஞ்சம் முன்னேறியிருக்கும். ஆனால் பிந்தியே அடிக்கும். மறுபடி எடுத்தோம், மறுபடி கட்டினோம். சைரன் அந்த இடத்திலேயே நின்றது. யாரோ அதன் வாயைப் பொத்திப் பிடித்திருப்பதுபோல எனக்கு ஒரு எண்ணம். வேலை நேரத்தில் அப்படியெல்லாம் நினைக்கிறவள் இல்லை நான்.

ஒருநாள் கடையில் சால்னாவை ஊற்றிக்கொண்டே மாஸ்டர் கேட்டார்: "ஏம்மா, நீங்க கீழ சாப்பிட வந்தா மட்டும் வெள்ளம் வர மாட்டுக்கே. அக்கா பயங்காட்டி வெரட்டிட்டாளோ?" பக்கத்து மேசையில் சிரித்தார்கள். கையில் பிய்த்த புரோட்டாவோடு நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நான் கீழே இருக்கும்போது ஓட்டுபவர் அக்கா. அந்த ஓட்டங்களில் சைரன் ஒருமுறைகூட அடித்ததில்லை.

மேலே போய் புரொஃபைலைத் திறந்தேன். மழை வலுப்பதுவரை எண்ணிக்கைகள் நிறைந்திருந்தன. ரேடியோவுக்கு மாறும் பகுதி, சைரனை இயக்கும் பகுதி, அவசரப் பதிவை எழுதும் பகுதி, மூன்றுக்கும் நேராகப் பூஜ்யம். கர்னலைப் பொறுத்தவரை அந்த மலையில் வெள்ளமே வரவில்லை. அக்கா ஒவ்வொரு தடவையும், அண்ணன் மறுபடி குனிவதற்கு முன்னால், நிமிர்ந்து நிற்கும்போதே ஓட்டத்தை நிறுத்தியிருக்கிறார்.

திரையை அவர் பக்கம் திருப்பிவைத்தேன். அவர் பூஜ்யங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கு மேல ஓடவிட்டா அவன் போயிருவாம்லா" என்றார் கடைசியில், சாதாரணமாக, வேலைக் கணக்குச் சொல்வதுபோல.

"விடலன்னா பெட்டிக்கு வெள்ளம் தெரியாதுக்கா. நான் ஓட்டுதேன். நீங்க வெளிய இருங்க."

"வேண்டாம். நீ கீபோர்டை எடுத்து அங்கன வச்சுக்கோ. நான் கேட்டாலும் குடுக்காத."

மதியம்தான் அது. சன்னல் வழியாகக் காற்று காகிதங்களைப் புரட்டியது. துண்டு கண்ணாடியைத் துடைத்தது, முகம் வந்தது, வாய் அசைந்தது. அண்ணன் நிமிர்ந்தபோது அக்காவின் கை கீபோர்டு இருந்த வெற்றிடத்தைத் தடவியது. என்னைப் பார்த்தார். நான் மடியில் இருந்ததை இறுக்கிக்கொண்டேன். அண்ணன் குனிந்தார். பிறகு திரை வெள்ளையாயிற்று. எண்ணிக்கை வைத்த கர்னல் வழக்கத்தைவிட மெதுவானது. சைரன் வெகுநேரம் கழித்தே அலறியது. அதன் பிறகும் நிறுத்தக்கூடாது. பெட்டி தன் வேலைகளை முடிக்கும்வரை ஆளில்லாத தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அக்கா அதையும் பார்த்தார்.

அந்தப் புரொஃபைலை வைத்து மாலைக்குள் கட்டிய கர்னலில் மறுபடி ஓட்டினோம். அண்ணன் துண்டை அலசினார். சைரன் அடித்தது. அதே நொடியில் தலையைத் தூக்கி மேலே பார்த்தார்.

அந்தத் தலை எப்போதும் அந்த நொடியில்தான் உயரும் என்பது எனக்குத் தெரியும். இடம் மாறி வந்து சேர்ந்தது சைரன் மட்டுமே. இருந்தாலும் என் கைமயிர் குத்திட்டு நின்றது.

"கேட்டுட்டாம்லா" என்றார் அக்கா. அவர் எழுந்து முகம் கழுவப் போனார். திரையில் அண்ணன் குனிந்தார். சைரன் அடித்துக்கொண்டே இருந்தது.

அந்த ஐப்பசியில் அதே அருவியில் தண்ணீர் புரண்டு வந்தது. சைரன் கேட்டுப் பாறையில் நின்றவர்கள் ஓடிக் கரையேறினார்கள். இப்போது வேறு சில அருவிகளிலும் எங்கள் பெட்டிகள் இருக்கின்றன. அவற்றின் கர்னலில் அண்ணனின் முகம் கிடையாது, பெயர் கிடையாது. எது அருகில், எது தள்ளி என்ற ஒழுங்கு மட்டும் இருக்கிறது. அந்த ஒழுங்கு அவருடைய கடைசி நிமிடங்களின் வடிவம். அங்கே குளித்துவிட்டு ஈரத்துண்டோடு திரும்புகிறவர்கள் யாருக்கும் இது தெரியாது.

அக்கா இப்போது கோயம்புத்தூரில் வேறு வேலையில் இருக்கிறார். கர்னலின் மூலநிரல் மாறிக்கொண்டே இருப்பதால் பழைய புரொஃபைல் பொருந்தாமல் போகும். புதிய பதிப்பு வரும்போதெல்லாம் வெள்ளத்தை மறுபடி ஓட்டியாக வேண்டும். இப்போது நான்தான் ஓட்டுகிறேன், கடைசிவரை, திரையை அணைத்துவிட்டு. முடிந்ததும் அக்காவுக்குச் செய்தி அனுப்புவேன். உடனே கூப்பிடுவார். போன வாரமும் கூப்பிட்டார்.

"சைரன் அடிக்கும்போது நிமிந்தானாட்டி?"

"நிமிந்தாவக்கா" என்றேன். திரையை நான் போடவே இல்லை. ஆனால் அது பொய்யும் இல்லை. யார் பார்த்தாலும், யாரும் பார்க்காவிட்டாலும், அந்த இடத்தில் அவர் நிமிர்வார்.