வீரையாவின் மூன்று நாள் நீலம்

வீரையா சாமி இல்லை என்பார். ஆனால் போடிமெட்டு மலை ஏறுமுன், தான் ஓட்டும் லோடு ஜீப்பின் முன்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்காமல் கிளம்பமாட்டார். கேட்டால், "பழக்கம்ப்பா, பக்தியில்ல" என்பார்.

1978இல் அவருக்கு ஏழரைச் சனி என்று ஜோசியர் சொன்னார். ஏலக்காய்க் கிட்டங்கியில் தரம் பிரித்துக் காய் பொறுக்கும் அவர் மனைவி ஜக்கம்மாளுக்கு அன்றோடு தூக்கம் போயிற்று. அவர் மலையில் தங்கும் நாளெல்லாம் கொட்டக் கொட்ட விழித்திருப்பாள். மறுநாள் பச்சைக்காயும் வெளிறிய காயும் ஒரே குவியலில் விழும். பரிகாரம், நீலக்கல் மோதிரம்.

"கல்லு வந்து பிரேக்கு போடுமாக்கும்?" என்றவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

நீலம் எல்லோருக்கும் ஆகாது. கல்லைத் துணியில் முடிந்து மூன்று நாள் கையில் கட்டிப் பார்ப்பார்கள். கெட்டது நடந்தால் கடைக்காரர் மறுபேச்சில்லாமல் திரும்ப வாங்கிக்கொள்வார். ஜக்கம்மாளே கட்டிவிட்டாள். அன்று, இரண்டு மாதத்தில் முதல்முறையாகத் தூங்கினாள்.

மலையில் முதல் நாள் டயர் வெடித்தது. மறுநாள் மூட்டை விழுந்து கால்விரல் நசுங்கியது. மூன்றாம் நாள் இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை; மண்மேட்டில் முட்டி நிறுத்தினார்.

வீட்டுக்கு வந்து, தெளிந்திருந்த அவள் கண்களைப் பார்த்தார். "பூப்போல போயிட்டு வந்தேன்" என்றார்.

மாலையில் லோடு ஏற்றும் மொக்கையன் வந்தான். "மதினி, அண்ணே பொழச்சதே பெருசு" என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிட்டு, காப்பியும் குடித்துப் போனான்.

"கையை நீட்டுங்க. வெரசா கடையில குடுத்துட்டு வர்றேன்."

வீரையா கையை இழுத்துக்கொண்டார். "இந்தா பாரு. பிரேக்கு போனது சனி. மண்மேட்டக் கொண்டாந்து முன்னால வச்சது யாரு? கல்லு! டயரு வளைவுலயா வெடிச்சுச்சு? காலோட போறது வெரலோட போச்சு."

"உங்களுக்குத்தான் நம்பிக்கை கெடையாதே?"

"இப்ப வந்துருச்சு."

"பொய்யி."

"ஆமா. நீ தூங்குறேல்ல?"

ஜக்கம்மாள் அவர் கையைப் பிடித்திழுத்து, தளர்ந்திருந்த முடிச்சை இறுக்கிக் கட்டினாள். இவ்வளவு மோசமாகப் பொய் சொல்லத் தெரிந்த மனிதரைச் சனிதான் என்ன செய்துவிடும் என்று தோன்றியது. மறுநாள் அவளே போய் அந்தக் கல்லை மோதிரத்தில் வைத்துக் கட்டி வாங்கிவந்தாள்.

எண்பத்தாறில் அவள்தான் சொன்னாள்: "ஏழரை முடிஞ்சிருச்சுங்க, கழட்டிருங்க. இனி எனக்குத் தூக்கம் வரும்."

"கெடக்கட்டும்" என்றார் வீரையா. "பழக்கம்."