கொலை பண்ணுனது யாருங்க, அத்தை?

எங்க அத்தையும் நானும் ஒண்ணரை வருஷம் பேசிக்கொள்ளவில்லை. அத்தை என்றால் மாமியார். காரணம் ஒப்புட்டு, அதாவது போளி.

புது வீடு குடிபோன அன்றைக்கு எங்கம்மா உடுமலைப்பேட்டையிலிருந்து ஒரு பித்தளைப் போசி நிறைய ஒப்புட்டு சுட்டு, மடியிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். அத்தை ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். கூடியிருந்த சொந்தக்காரர்கள் முன்னால், "ஏனுங்க சம்மந்தி, இதைய வெச்சு டயருக்கு ஒட்டுப் போடலாமாட்ட இருக்குதுங்க" என்றார். எங்கள் பக்கம் ஒருத்தரைக் குத்துவதென்றாலும் மரியாதை குறையாமல்தான் குத்துவோம். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா பந்தியில் உட்காராமலே கிளம்பிப் போனார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அன்றிலிருந்து வீட்டில் எல்லாச் சேதியும் என் வீட்டுக்காரர் வழியாகத்தான். ஒரே மேசையில் மூன்று பேரும் உட்கார்ந்திருப்போம். "ரசத்துல உப்புக் கம்மின்னு சொல்லு" என்பார் அத்தை. வீட்டுக்காரர் திரும்பி என்னிடம், "உப்புக் கம்மியாம்" என்பார். பாவம், அந்த மனுஷன் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட்டதில்லை.

அந்தச் சமயத்தில்தான் அந்த பாட்காஸ்ட் ஆப் வந்தது. சரவணம்பட்டி ஆபீசுக்குப் போகிற பஸ்ஸில் யார் காதில் பார்த்தாலும் அதுதான். மூட்டுவலியா, பத்திரப் பதிவா, பிள்ளை வளர்ப்பா, எதற்கும் ஒரு குரல் தயாராக இருந்தது. நான் போய் விழுந்தது ஒரு கொலைக்கதையில். மலை பங்களாவில் எஸ்டேட் முதலாளி செத்துக் கிடக்கிறார். வக்கீல், சமையல்காரர், மருமகள் என்று மூன்று பேர் மேல் சந்தேகம். மொத்தம் நாற்பத்திரண்டு பாகம்.

தன் அம்மா பகலெல்லாம் தனியாக இருக்கிறார்களே என்று வீட்டுக்காரர் என் கணக்கையே அத்தையின் போனிலும் போட்டுக் கொடுத்தார். தனியாக ஒன்று தொடங்க அவருக்குச் சோம்பேறித்தனம். அந்த ஆப்புக்கோ நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஆள்தான். காலையில் பன்னிரண்டாம் பாகத்தில் நிறுத்திவிட்டு சாயங்காலம் பஸ்ஸில் திறந்தால், கதை பதினைந்தில் நிற்கிறது. சமையல்காரரை அதற்குள் போலீஸ் பிடித்திருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக, "உங்கம்மாகிட்டச் சொல்லிவையுங்க" என்று கத்தினேன். அத்தை பக்கத்து அறையில்தான் இருந்தார்.

மறுநாள் சாயங்காலம் திறந்தேன். காலையில் நான் விட்ட இடத்திலேயே கதை நின்றது. அதற்கு அடுத்த இரண்டு பாகங்களில், கேட்டு முடித்ததற்கான டிக் விழுந்திருந்தது. அத்தை தான் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு, என் பஸ் நேரத்துக்குள் எனக்காகப் பின்னால் நகர்த்தி வைத்திருக்கிறார். ஒரு நாள்கூட அது தவறவில்லை. அவிநாசி கோயிலுக்குப் போன நாளில் புது டிக் இருக்காது, முழங்கால் வலித்த நாளில் மூன்று இருக்கும். பேசாமலே அவர் பொழுது எப்படிப் போனதென்று எனக்குத் தெரிந்தது. நானும் ஞாயிற்றுக்கிழமை அதைத் தொடாமல் அவருக்கே விட்டுவிட்டேன். ஆனால் வாயைத் திறக்கவில்லை. ரோஷம்.

அப்புறம் அந்த ஆப்புக்குக் கிரகம் பிடித்தது. பாகத்துக்கு ஒன்றாக இருந்த விளம்பரம் நாலாகி, பிணத்தைப் புரட்டுகிற நேரத்தில் மிளகாய்ப்பொடி விற்றார்கள். புதுக் கதைகள் வருவது நின்றது. பஸ்ஸில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் குட்டி வீடியோவுக்குத் தாவினார்கள். மூடப்போகிறோம் என்று ஒரு அறிவிப்பும் வந்திருக்கிறது. நான்தான் எதையும் படிக்காமல் சரி சரி என்று அமுக்குகிற ஜென்மமாயிற்றே. ஒரு திங்கட்கிழமை திறந்தால், இத்தனை நாள் கேட்டதற்கு நன்றி என்று ஒரு வரி மட்டும் இருந்தது. நான் முப்பத்தெட்டு முடித்திருந்தேன். அத்தைக்கு நாற்பத்திரண்டிலும் டிக் விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

நாலு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் வீட்டுக்காரரிடம் கேட்டு வரச் சொன்னேன். "கொலைக் கேசெல்லாம் நான் எடுக்கறதில்லை, நேர்லயே பேசிக்குங்க" என்று சொல்லிவிட்டார்.

அத்தை மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து நானும் ரெண்டு காய் உரித்தேன்.

"கொலை பண்ணுனது யாருங்க, அத்தை?"

ஒண்ணரை வருஷத்துக்கு அப்புறம் நான் அவரிடம் பேசிய முதல் பேச்சு இதுதான். அத்தை நிமிரவில்லை. "காப்பி குடிச்சுப்போட்டு வா கண்ணு. இது ஒரு நாள்ல சொல்ற சங்கதி இல்ல."

நாலு பாகத்துக்கு நாலு சாயங்காலம் எடுத்துக்கொண்டார். கதையில் கதவு திறக்கிற இடமாகப் பார்த்து நிறுத்திவிட்டு விளக்கேற்றப் போய்விடுவார். நாலாம் நாள் கதையில், எங்கிருந்தோ அந்த மருமகளின் மாமியார் ஊரிலிருந்து வந்து இறங்கினார். இன்ஸ்பெக்டர் அவரை விசாரித்தாராம்.

"இந்தப் புள்ள உங்ககூடப் பேசறதில்லையாமே, ஏனுங்கன்னு கேட்டாரு. அதுக்கு அந்த மாமியாக்காரி சொன்னா, தப்பு என்னுதுங்க. பத்துப் பேரு முன்னால அவுங்கம்மா செஞ்ச பலகாரத்தைய நக்கல் பண்ணிப்போட்டனுங்க. அவுங்க சாப்படாமப் போனது இன்னும் என்ற தொண்டையிலயே நிக்குதுங்கன்னு."

"அப்புறங்க, அத்தை?"

"அப்புறமென்ன, வக்கீலப் புடிச்சுட்டுப் போயிட்டாங்க" என்று சொல்லிவிட்டு, முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

எந்த ஊர் இன்ஸ்பெக்டர் கொலைக் கேசில் பலகாரத்தைப் பற்றி விசாரிப்பார்? இருந்தாலும் மறுநாள் பஸ்ஸில், அந்தக் கதையை முழுதாகக் கேட்டிருந்த ஆபீஸ் சிநேகிதியிடம், கடைசியில் வருகிற மாமியாரைப் பற்றிக் கேட்டேன். "மாமியாரா? அந்தக் கதையில மாமியாரே கெடையாதுங்களே" என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுகை வந்துவிட்டது. என் கொலைக்கதையை இப்படிக் கெடுத்துவிட்டாரே என்று கொஞ்சம் எரிச்சலும் வந்தது. இறங்கியதும் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா அதே போசியோடு வந்தார். அத்தை வாசல் கேட்டுக்கே போய், "வாங்க சம்மந்தி" என்று போசியைக் கையில் வாங்கினார். உட்கார்ந்து ஒரு ஒப்புட்டை எடுத்துக் கடித்து இழுத்தார். அது பிய்ந்து வரவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், எங்கம்மாவின் ஒப்புட்டு அன்றைக்கும் டயர்தான். அத்தை வெகுநேரம் மென்றார். விழுங்கி, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, தட்டை நீட்டினார்.

"இன்னொண்ணு வெய்யுங்க, சம்மந்தி."